ஏரியில் சுற்றிய படகும் எங்கள் வீட்டு லாடமும்

எங்கள் வீட்டு நிலைப்படியில் ஒரு குதிரை லாடம் அடித்திருக்கிறது. வருகிறவர்கள் திருஷ்டிக்கு என்று நினைத்துக்கொள்வார்கள். திருஷ்டிக்குத்தான். ஆனால் இங்கே வருவதற்கு முன் அது ஒரு நாள் முழுக்க ஒரு பாய்மரப் படகுக்குள் இருந்தது. மானாம்பதியில் பாய்மரப் படகு ஏது என்று கேட்பீர்கள். எங்களுக்குக் கடல் இரண்டு பஸ் மாறிப் போகிற தூரம். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு நான் பாடம் நடத்தும்போது கப்பல் என்றால் கரும்பலகையில் வரைந்துதான் காட்ட வேண்டும். இருந்தும் படகு வந்தது. அதற்கு உயிர் கொடுத்தவள் என் நாத்தனார்.

உத்திரமேரூரில் பிறந்து சென்னையில் கண் மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவர் எங்கள் டாக்டர். அவருடைய நிலத்தில் டிராக்டர் ஓட்டுவது என் கணவர். டாக்டர் சென்னையில் வைத்திருந்த இருபத்திரண்டு அடிப் படகை ஒருநாள் டிரெய்லரில் ஏற்றி, மானாம்பதி ரோட்டில் இருக்கும் தன் நெல் கொட்டகைக்குக் கொண்டுவந்து நிறுத்தினார். மனைவியோடு அதில் கரையோரமாக நாகப்பட்டினம் வரை போக வேண்டும் என்பது அவருடைய ஆசை. படகில் பழைய கருவிகள் இரண்டு இருந்தன. ஒன்று ஆழம் சொல்லும், மற்றது காற்று சொல்லும். புதிதாக மூன்று வாங்கியிருந்தார்: வரைபடம் காட்டும் திரை, திசை அறியும் சின்னப் பெட்டி, சுக்கானைத் தானே பிடித்துக்கொள்ளும் மோட்டார். ஐந்தையும் ஒன்றோடொன்று இணைக்க வேண்டும். பாண்டிச்சேரியில் படகு பழுது பார்க்கும் யார்டு ஒன்றின் மேனேஜர் வந்து பார்த்துவிட்டு, "பழசும் புதுசும் பேசாது சார். பழசைத் தூக்கிப் போட்டுடுங்க" என்றார்.

நாத்தனார் அப்போது வேலை இல்லாமல் வீட்டில் இருந்தாள். ஒரகடம் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் காருக்குள் ஓடும் வயர்க் கட்டுகளை எட்டு வருஷம் செய்தவள். அந்தப் பிரிவையே மூடிவிட்டார்கள். சொந்தக்காரர்கள் எல்லோரும் இதுதான் சமயம் என்று மாப்பிள்ளை ஜாதகத்தோடு வரிசையில் நின்றார்கள். அண்ணனுக்குச் சாப்பாடு கொடுக்கக் கொட்டகைக்குப் போனவள், மேனேஜர் சொன்னதைக் கேட்டுவிட்டாள். "பேசாதுன்னா இன்னா சார்? பேச வைக்கிறதுக்குன்னே நடுவுல போடற பெட்டி கீதாமே" என்றாள். மேனேஜர் சிரித்தார். டாக்டர் சிரிக்கவில்லை. "நீ செய்யறியாம்மா?" என்று கேட்டார். சரியாக முடித்தால் இவளையே டெக்னீஷியனாக யார்டில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று மேனேஜரிடமும் பேசி வைத்தார். அந்த வேலை கிடைத்தால் ஜாதகங்கள் கொஞ்ச நாள் காத்திருக்கும். கிடைக்காவிட்டால் தையில் கல்யாணம். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் இது தெரியும்.

தினமும் பள்ளிக்கூடம் விட்டதும் நான் கொட்டகைக்குப் போவேன். கையேடு எல்லாம் இங்கிலீஷ். நான் படித்துத் தமிழில் சொல்வேன், அவள் செய்வாள். நான் ஒரு வரி படிப்பதற்குள் அவள் அடுத்த இரண்டு வரியை ஊகித்துவிடுவாள். "தெருவுல தண்ணி பைப்பு போறா மாதிரிதான் அண்ணி. மெயின் லைன் ஒன்னு, வூட்டுக்கு வூடு ஒரு கனெக்‌ஷன். ரெண்டு கோடியிலயும் மூடி போட்டுடணும்" என்று எனக்கே பாடம் எடுத்தாள். பழைய வயர்கள் எல்லாம் ஒரே கறுப்பு. ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்து, கலர் டேப் சுற்றி, 'காத்து', 'ஆழம்', 'தெசை' என்று எழுதி ஒட்டினாள். காற்றுக் கருவி மட்டும் இரண்டு வாரம் வாயே திறக்கவில்லை. ஒருநாள் அதன் இரண்டு வயர்களை இடம் மாற்றிப் போட்டுவிட்டு, "அண்ணி, ஊது!" என்று கத்தினாள். கீழே படுக்க வைத்திருந்த பாய்மரத்தின் நுனியில் இருந்த குட்டிக் கிண்ணங்களை நான் கன்னம் உப்ப ஊதினேன். படகுக்குள் இருந்த திரையில் எண் ஏறியது. என் வாய்க்காற்றை அந்த மெஷின் அளந்து சொன்னது. நாங்கள் இரண்டு பேரும் நெல் மூட்டைகளுக்கு நடுவில் குதித்த குதியில் என் கணவர் டிராக்டரை விட்டுவிட்டு ஓடிவந்தார்.

திசை அறியும் பெட்டிதான் எல்லாவற்றிலும் தொட்டாற்சிணுங்கி. மூன்று அடிக்குள் இரும்பு இருக்கக் கூடாது. அந்த வரியைப் படித்துச் சொன்னவளே நான். மோட்டார், பேட்டரி, நங்கூரம் எல்லாவற்றுக்கும் தள்ளி, படுக்கைப் பலகைக்குக் கீழே ஒரு மூலையை அவள் அளந்து அளந்து தேர்ந்தெடுத்தாள். அந்தப் பெட்டிக்கு இன்னொரு வழக்கமும் உண்டு. படகைத் தண்ணீரில் மெதுவாக இரண்டு வட்டம் சுற்றினால்தான் அதற்கு வடக்கு எது என்று பிடிபடும். கார்த்திகை மழையில் உத்திரமேரூர் ஏரி நிரம்பியிருந்தது. கடலுக்குப் போவதற்கு முன் அங்கேயே சுற்றிவிடலாம் என்று டாக்டர் நாள் குறித்தார். மேனேஜரும் வருவதாகச் சொன்னார்.

அதற்கு முதல் நாள் படகுக்குப் பூசை போட்டோம். ஊரே வந்து பார்த்துவிட்டுப் போனது. 'பொம்பளப் பிள்ளை படகுக்கு கரண்டு வேலை செய்யுதாம்' என்று எத்தனை கண்! எனக்கு மனசு கேட்கவில்லை. ஒரு லாடத்துக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, மஞ்சள் துணியில் முடிந்து, யார் கையும் படாத இடமாகப் பார்த்துப் படுக்கைப் பலகைக்கு அடியில் சொருகினேன். படித்த வரியும் நினைவில் இருந்தது, லாடமும் கையில் இருந்தது. இரண்டையும் நான் சேர்த்துப் பார்க்கவே இல்லை. என் கணக்கில் அது இரும்பு இல்லை, சாமி சமாச்சாரம்.

மறுநாள் காலை என் கணவர் டிராக்டரால் படகைப் பின்னுக்குத் தள்ளி ஏரியில் இறக்கினார். கரை முழுக்க ஜனம். டாக்டர், மேனேஜர், அவளோடு திரையைப் படிக்க நானும் படகில் ஏறியிருந்தேன். டாக்டர் படகை ஓட்டும் சின்ன மோட்டாரைப் போட்டு இரண்டு வட்டம் சுற்றினார். முடியவில்லை என்றது திரை. மறுபடி சுற்றினார். மறுபடியும் அதேதான். காலைச் சூரியன் படகின் மூக்குக்கு நேரே நிற்கிறது, திரையோ வடக்கு என்கிறது. மேனேஜர் அவளைப் பார்த்து, "பக்கத்துல இரும்பு ஏதாவது வெச்சிருக்கியா?" என்றார். "நான் வைக்கல சார். அடி அடியா அளந்துகினு மாட்டினேன்" என்றாள் அவள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. நாற்பது பிள்ளைகளை ஒரே அதட்டலில் உட்கார வைக்கிற டீச்சர் நான்.

அவள் டாக்டரின் பழைய கைத் திசைகாட்டியை வாங்கினாள். அதைப் படகின் தரையோரமாக அங்குலம் அங்குலமாக நகர்த்தினாள். படுக்கைப் பலகை அருகே வந்ததும் முள் கிறுகிறுவென்று திரும்பியது. கையை விட்டு முடிச்சை எடுத்தாள். துணியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அது என் பழைய புடவைக் கிழிசல், அவளுக்குத் தெரியாதா? அவிழ்க்காமலே டூல் பையில் போட்டாள். "ஒரு இரும்பு கெடந்துச்சி சார். நான்தான் கவனிக்காம வுட்டுட்டேன். மறுக்கா சுத்துங்க" என்றாள்.

இரண்டு வட்டம். திரை சரி என்றது. சூரியனும் திரையும் ஒரே பேச்சுப் பேசின. அவள் சுக்கான் மோட்டாரைப் போட்டாள். டாக்டர் இரண்டு கையையும் தூக்கிக் காட்ட, படகு தானாகவே கோடு போட்டது போல ஏரியின் குறுக்கே போனது. கரையில் விசில் பறந்தது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பெருமையும் வெட்கமும் எது எவ்வளவு என்று எனக்கே தெரியவில்லை.

மேனேஜர் தன் நோட்டில் ஏதோ எழுதினார். "வேலை சுத்தமான வேலைதான். ஆனா இரும்பை மறக்கறவங்களை நம்பிப் படகைக் கடலுக்கு அனுப்ப முடியாது. ஆறு மாசம் ஹெல்பரா இருக்கட்டும்" என்றார். அவள் சரி என்றாள்.

வீட்டுக்கு வந்து அழுதேன். நாளைக்கே போய் அவரிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன். "வாணாம் அண்ணி. நான் மறந்தேன்னா ஒரு தப்பு. நீ வெச்சேன்னா, வூட்டுப் பொம்பளைங்களக் கூட்டியாந்து வேலை செய்றாளேன்னு ஆவும். ஆறு மாசம்தானே, அத்தெல்லாம் ஒரு பேஜாரா?" என்றாள். லாடத்தை எடுத்து அண்ணனிடம் கொடுத்து, "வாசல்ல அடிண்ணா. வூட்டுக்கு வடக்கு தெரியாங்காட்டி பரவால்ல" என்றாள். அழுதுகொண்டிருந்த எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஆறு மாதம் என்றது ஒரு வருஷம் ஆயிற்று. ஹெல்பர் வேலையும் வேலைதான் என்று ஜாதகங்கள் காத்திருந்தன. சம்மட்டி தூக்கினாள், அடிப்பாசி சுரண்டினாள். இன்று அந்த யார்டில் வயரிங் பிரிவுக்கே அவள்தான் தலைமை. டாக்டர் நாகப்பட்டினம் போய்த் திரும்பிவிட்டார். பழைய காற்றுக் கருவி இன்னும் பேசிக்கொண்டிருக்கிறது. எந்தப் படகு வந்தாலும் முதலாளியிடம் அவள் கேட்கும் முதல் கேள்வி, "சாமி கும்பிட்டு உள்ள இரும்பு எதனா வெச்சிருக்கீங்களா?" என்பதுதானாம். பாதிப் பேர் தலையைச் சொறிவார்களாம்.

இந்த ஆயுத பூஜைக்கு லாடத்தைத் துடைத்துப் பொட்டு வைத்தேன். அவளுக்குப் போன் போட்டு, எல்லாவற்றையும் எழுதப் போகிறேன் என்றேன். "இப்போ எழுதிக்கோ அண்ணி. இனிமே யாரும் என்னை ஹெல்பராக்க முடியாது" என்று சிரித்தாள்.

மேனேஜர் சார், அந்த நோட்டு இன்னும் உங்களிடம் இருந்தால் அன்றைய வரியை அடித்துவிடுங்கள். அவள் எதையும் மறக்கவில்லை. அந்த இரும்பை வைத்தவள் நான். அது இப்போது எங்கள் நிலைப்படியில் இருக்கிறது, வந்தால் காட்டுகிறேன்.