நேர்ந்துவிட்ட கன்று

எழுபதுகளின் தொடக்கத்தில் தூத்துக்குடியில் ஒரு பூங்காவில் விலங்குகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தேன். விலங்குகள் என்று பெருமையாகச் சொல்கிறேன். நாலு மான், ஒரு குரங்குக் கூண்டு, தோகை உதிர்ந்த மயில் ஒன்று, அவ்வளவுதான். ஆழ்வார்திருநகரிப் பக்கம் மாடுகன்றோடு வளர்ந்தவன் என்பதால் எனக்கு அந்த வேலை கிடைத்தது. வாய்த்துடுக்கும் கூடவே வந்தது.

அதைப் பெரிய மிருகக்காட்சி சாலையாக்கப் போகிறோம் என்று ஊர்ப் பெரியவர்கள் கமிட்டி போட்டார்கள். ஊரும் கையை விரிக்கவில்லை, அதை நான் மறுக்க மாட்டேன். துறைமுகத்துத் தொழிலாளிகள் கப்பலில் சரக்குக்கு அடியில் போட்டுவந்த பலகைகளைச் சுமந்துவந்து இறக்கினார்கள். கொத்தனார்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் கூலி வாங்காமல் பூசினார்கள். கமிட்டித் தலைவரான உப்பள முதலாளி கடல் ஜீவன்களுக்கென்று ஒரு சிமெண்டுத் தொட்டி கட்டித் தந்து, முன்னால் தம் பேரைக் கல்லில் பொறித்துவைத்தார். உள்ளே விடத்தான் ஒரு ஜீவனும் இல்லை.

அப்போதுதான் கடற்கரையிலிருந்து ஒரு அண்ணாச்சி வந்தார். வள்ளம் வைத்து மீன் பிடிக்கிறவர். அவருடைய மகள் விஷக்காய்ச்சலில் சாகக் கிடந்து பிழைத்திருந்தாள். பிள்ளை எழுந்து நடந்தால், மறுபடி கடலுக்குப் போகிற அன்று வலையில் முதலில் விழுவதை விற்காமல், தின்னாமல், ஊர்ப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுவதாக மாதாவிடம் நேர்ந்திருந்தார். விழுந்தது கடல் பசுவின் கன்று. மூச்சு விட மட்டும் மூக்கை நீருக்கு மேல் நீட்டுகிற, பால் மறக்காத சாதுவான ஜீவன். அந்தக் காலத்தில் அதன் கறிக்கு ஊரே நாக்கைத் தொங்கப்போடும். விற்றிருந்தால் அவர் தம் வீட்டுக் கூரையை மாற்றியிருக்கலாம். அவரோ, ஊர்ப் பிள்ளைகள் வந்து பார்க்கட்டும் என்று, அதை ஈரச் சாக்கில் சுற்றி மாட்டுவண்டியில் உயிரோடு பூங்காவுக்குக் கொண்டுவந்து இறக்கினார்.

“தாய் வள்ளத்தச் சுத்திச் சுத்தி வந்துச்சு தம்பி. கரை தட்டுத மட்டும் கூடவே வந்துச்சு” என்றார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஓட்டப்பிடாரத்திலிருந்தெல்லாம் வண்டி கட்டிக்கொண்டு ஜனங்கள் வந்தார்கள். அதுவரை எட்டிப் பார்க்காத கடைக்காரர்கள் கூண்டு கட்டித் தருகிறேன், கிணறு வெட்டித் தருகிறேன் என்று வரிசையில் நின்றார்கள். கன்று மட்டும் ஒன்றும் தின்னவில்லை. கடல்புல்லை வாயில் வாங்கி அப்படியே விட்டுவிட்டது. பால் புட்டியோடு நான் தொட்டிக்குள் இறங்கினேன். அது புட்டியை ஒதுக்கிவிட்டு என் அக்குளுக்குள் மூக்கை நுழைத்து முட்டிக்கொண்டே இருந்தது. எனக்கு விளங்கவில்லை. தாய்க்குக் காம்பு அங்கேதான் இருக்கும் என்று அண்ணாச்சி சொன்னார்.

மூன்றாம் நாள் தலைவரிடம் போய், கடலில் விட்டுவிடலாம் என்றேன்.

“பொறுடே. ஞாயித்துக்கிழமை திறப்பு விழா. மெட்ராஸ்ல இருந்து பெரிய மனுசன் வாராரு. இதக் காட்டித்தான் சிங்கக் கூண்டுக்குப் பணம் கேக்கணும்.”

“அது வரைக்கும் இது தாங்காது முதலாளி.”

“பெறவு உன்னய எதுக்கு வச்சிருக்கு?”

எருதின் புண் காக்கைக்குத் தெரியுமா? நேரே அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். கொடுத்தவரே வந்து கேட்டால் கமிட்டி தடுக்க முடியாது.

அவர் கையெடுத்துக் கும்பிட்டார். “நேர்ந்ததத் திருப்பி எடுத்தா, மாதா குடுத்தத அவளும் திருப்பி எடுத்துக்கிடுவா தம்பி. எம்பிள்ள உசுர வச்சு வெளாடச் சொல்லுதியா?”

மொட்டையடித்த தலையோடு அந்தப் பிள்ளை வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றது. குச்சி மாதிரிக் கால்கள். அதைப் பார்த்த பிறகு திரும்பி வந்துவிட்டேன்.

சனிக்கிழமை காலையில் கன்று மூக்கை நீட்டவில்லை. தொட்டியின் மூலையில் அடியில் கிடந்தது.

விழா நடக்கத்தான் செய்தது. மாலை போட்டார்கள், பேசினார்கள், ஊர் ஒற்றுமையைப் புகழ்ந்தார்கள். வேலியோரமாக அண்ணாச்சி என்னைத் தேடி வந்தார். முகத்தில் உயிரே இல்லை.

“செத்துப்போச்சே தம்பி, அப்ப நேர்ச்சை மாதாகிட்டச் சேராதோ?”

கொடுத்த அன்றே சேர்ந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். என் வாய் இருக்கிறதே, பாவி வாய். தலைவரிடம் காட்ட முடியாத கோபத்தையெல்லாம் அந்த மனுஷன் மேல் கொட்டினேன்.

“செத்தத எந்த மாதா அண்ணாச்சி ஏத்துக்கிடுவா?”

அவர் கடற்கரைப் பக்கம் நடந்து போய்விட்டார்.

அடுத்த வாரம் பூங்கா வாசலில் மாட்டுவண்டி வந்து நின்றது. ஈரச் சாக்குக்குள் இன்னொரு கன்று, முந்தினதை விடச் சிறியது. இதற்காகவே ஏழு நாள் கடலில் தேடி அலைந்திருக்கிறார். கண்ணெல்லாம் சிவந்து, கையெல்லாம் வலைக் கயிறு அறுத்திருந்தது. தலைவர் ஓடிவந்து அவரைக் கட்டிக்கொண்டார். இந்த மாதிரி நாலு பேர் இருந்தால் ஊர் எங்கேயோ போய்விடும் என்றார்.

அண்ணாச்சி என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். “இப்பச் சேந்துரும்லா தம்பி?”

“சேந்துரும் அண்ணாச்சி” என்றேன். அந்த ஒரு வார்த்தையை ஒரு வாரம் முன்னால் சொல்லியிருந்தால் இந்தக் கன்று தாயோடு கடலில் இருந்திருக்கும்.