பதினேழாம் நாள் வந்தவர்

மீன் கடையில் நின்றிருந்தபோது ராஜமாணிக்கம் அண்ணனின் அக்கா பார்வதி பீடோரிலிருந்து போனில் கூப்பிட்டார். "தம்பி போயிட்டான்மா. காலையில எழுப்பப் போனேன், எந்திரிக்கல." வாங்கிய மீனோடு வீட்டுக்கு வந்தேன். கழுவி, பொரித்து, சாப்பிட்டேன். அதன் பிறகுதான் அழுதேன். அண்ணனைத் தெரிந்த நீங்கள் யாரும் இதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டீர்கள்.

அவர் தோட்டத்து லோரி ஓட்டியவர். ரப்பர் தோட்டம் கைமாறியதும் புந்தோங்குக்கு வந்து, எங்கள் வீட்டுக்கு இரண்டு வரிசை தள்ளிக் குடியிருந்தார். பாகான் டத்தோவில் ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்பும் வழியில் மனைவியும் மகளும் விபத்தில் போனார்கள். காரை ஓட்டியவர் அவர்தான். அதன்பின் எந்த வண்டியையும் அவர் ஓட்டவில்லை. எங்கும் நடை, இல்லாவிட்டால் பஸ்.

என் மகன் சரவணன் மோட்டார் விபத்தில் இறந்தபோது வீடு நிறைய ஆட்கள். யார் யாரோ சமைத்தார்கள், யார் யாரோ தைரியம் சொன்னார்கள். பதினாறாம் நாள் கருமாதி முடிந்தது. கூடாரக்காரர் நாற்காலிகளை ஏற்றிக்கொண்டு போனார், எல்லாரும் போனார்கள். மறுநாள் காலையில் அண்ணன் வந்து வாசலில் நின்றார்.

"கோப்பி கெடைக்குமா தங்கச்சி?"

எனக்கு ஆத்திரம்தான் வந்தது. பிள்ளையைத் தூக்கிக் கொடுத்தவளிடம் கேட்கிற கேள்வியா இது? முணுமுணுத்துக்கொண்டே அடுப்பைப் பற்றவைத்தேன். அவன் போன பிறகு என் கையால் மூட்டிய முதல் அடுப்பு அது. குடித்தார், "சீனி பத்தலலா" என்றார், போய்விட்டார்.

அப்புறம் வியாழன்தோறும் வந்தார். ஒருநாள் தாளாமல் கத்திவிட்டேன். "ஒங்களால எப்படிண்ணே முடியுது? எப்பண்ணே இது ஆறும்?"

"ஆறாது தங்கச்சி. ஆறும்னு சொல்றவங்க பேச்ச நம்பாதீங்க. ஆறாமலே மீன் வாங்கப் பசாருக்குப் போலாம், துணி தொவைக்கலாம். நான் அப்படித்தான் இருக்கேன்."

அன்று அவர் மேல் கோபம் வந்தது. இன்றுவரை வேறு யாரும் என்னிடம் அவ்வளவு உண்மையாகப் பேசியதில்லை.

அண்ணனின் துக்க வீட்டில் அவரை இரும்பு மனசுக்காரர் என்று பலர் புகழ்ந்தார்கள். கேட்க எனக்கு அலுப்பாக இருந்தது. போன வருடம் முட்டிவலி முற்றி அக்கா வீட்டுக்குக் குடிபோகும் முன் அவரே சொன்னார்: "ஒங்க வீட்டுக்கு வாரதுன்னா எனக்குப் பயம்லா. மொத நாளு முச்சந்திவரைக்கும் வந்து ரெண்டு வாட்டி திரும்பிட்டேன். சாவு வீட்டு வாசலப் பாத்தாலே அந்த ரோடு ஞாபகம் வருது." பயந்துகொண்டேதான் நான்கு வருடம் வந்திருக்கிறார்.

அவரிடமிருந்து எனக்குத் தைரியம் எதுவும் வரவில்லை. ஆறாமலே எழுந்து போகலாம் என்பது மட்டும் என்னிடம் இருக்கிறது. அதை வைத்துத்தான் தினமும் வேலைக்குப் போய் வருகிறேன்.

உங்களில் எத்தனை பேர் வீட்டில் அவர் இப்படி வந்து உட்கார்ந்தார் என்று எனக்குத் தெரியாது. இன்று பீடோரில் அவருக்குக் கருமாதி முடிந்து எல்லாரும் புந்தோங்குக்குத் திரும்பிவிட்டோம். பார்வதி அக்காவுக்கு இனி வீட்டில் யாருமில்லை. நாளைக் காலை பஸ்ஸில் பீடோருக்குப் போகிறேன். போக மனமே இல்லை. உடம்பும் ஓய்ந்து கிடக்கிறது. அடுத்த வியாழக்கிழமை உங்களில் யாராவது போங்கள்.