கெர்பாவும் கலபாவும்

கம்பி வேலியைப் பிடித்தபடி எருமைகளுக்கு முன்னால் விசும்பிக்கொண்டு நின்ற ஒரு சின்னப் பிள்ளையின் முதுகு இன்றும் கண்ணுக்குள் நிற்கிறது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. ஜேர்மனியின் வுப்பர்டாலில் முதியோர் இல்லமொன்றில் என்னோடு வேலை செய்த பிலிப்பைன்ஸ் அக்காவும் நானும் விடுமுறை நாளில் மிருகக்காட்சிசாலைக்குப் போயிருந்தோம். அக்கா கோப்பி வாங்கப் போன நேரம், காவலாளி ஒருவர் என் நிறத்தைப் பார்த்துவிட்டு வந்து, "உங்கட பிள்ளையோ?" என்று ஜேர்மன் மொழியில் கேட்டார். இல்லையென்றதும், "எண்டாலும் கதைச்சுப் பாருங்கோ. தாயைக் காணேல்ல," என்றார்.

தமிழில் கேட்டேன், ஜேர்மனில் கேட்டேன். அழுகைதான் கூடியது. வேறு வழி தெரியாமல் மிருகத்தைக் காட்டி, "எருமை" என்றேன். பிள்ளை தலையை ஆட்டி மறுத்து, "கெர்பாவ்" என்றது. கோப்பியோடு வந்த அக்கா அப்படியே நின்றுவிட்டார்.

"எங்கட தகாலொக் மொழியில இது கலபாவ். இந்தப் பிள்ளை மலேசியாவோ இந்தோனேசியாவோ தெரியேல்ல. ஆனா எங்கட சொந்தம்தான்," என்றார் ஜேர்மனில்.

அவர் குந்தியிருந்து, "கலபாவ்" என்றார். பிள்ளையின் அழுகை நின்றது. பிறகு அது சொன்ன நீண்ட வசனத்தில் ஒரேயொரு சொல்தான் அக்காவுக்குப் பிடிபட்டது: கம்பிங். இரண்டு மொழியிலும் ஆடு. பிள்ளைகள் ஆடுகளைத் தடவிப் பார்க்கும் இடம் மேட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தது. அக்கா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓட, நானும் காவலாளியும் பின்னால் ஓடினோம்.

அங்கே தள்ளுவண்டியில் கைக்குழந்தையோடு ஒரு பெண், வருவோர் போவோரையெல்லாம் மறித்துக்கொண்டிருந்தாள். எங்களைக் கண்டதும் ஓடி வந்தாள். "அனாக்கு, அனாக்கு," என்று பிள்ளையை இறுக்கிக்கொண்டு அழுதாள். அழுது முடிந்து சிரிப்பு வந்தபின், தான் ஜாவாக்காரி என்றும் தன் ஊரில் எருமையைக் கெபோ என்பார்கள் என்றும் உடைந்த ஜேர்மனில் சொன்னாள்.

திரும்பும் வழியில் அக்கா சொன்னார்: "என்ர பிள்ளை எண்டதுக்கு அவ அனாக்கு எண்டா. நாங்கள் அனாக் கோ எண்டு சொல்லுவம்." அவருடைய மகன் மணிலாவில் அம்மம்மாவோடு வளர்வது எனக்குத் தெரியும். அவனை ஜேர்மனிக்குக் கூப்பிட விண்ணப்பிக்கப் பயந்து, ஒவ்வொரு வருடமும் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தார். "இனி ஏலாது. நாளைக்கே குடிவரவு அலுவலகத்துக்குப் போறன். நீயும் வாறியா?"

"ஓம் அக்கா," என்றேன்.

அடுத்த கோடையில் டுசெல்டோர்ஃப் விமான நிலையத்தில் அவருக்குப் பக்கத்தில் நின்றேன். இப்போது அந்த மகன் எங்கள் தெருவிலேயே குடியிருக்கிறான். மாலையில் யன்னலைத் திறந்தால், அவன் தன் மகளைச் சாப்பிடக் கூப்பிடும் குரல் கேட்கும்: "அனாக்!"