சங்கிலியைத் தின்ற மரம்

அசோக் நகரில் எங்கள் இஸ்திரி வண்டி நிற்பது ஒரு தூங்குமூஞ்சி மரத்தடியில். வண்டி போட்ட புதிதில், சாப்பாட்டுப் பையை மாட்ட என் வீட்டுக்காரர் மரத்தில் ஓர் ஆணி அடித்தார். மரம் வளர வளர ஆணியும் எட்டாத உயரத்துக்குப் போய்விடுமே என்று பயந்து, இடுப்பளவில் அடிக்கச் சொன்னேன். ஏழாவதோடு நின்றவள், எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

ஆணி மேலே போகவே இல்லை. உள்ளே போனது. வருஷா வருஷம் குட்டையாகி, ஒருநாள் பை நழுவி விழுந்தது. பார்த்தால் ஆணியைக் காணோம். தொப்புள் மாதிரி ஒரு சுழிதான் இருந்தது.

அப்புறம்தான் சங்கிலியைக் கவனித்தேன். வண்டியைப் பூட்டுவதற்காக மரத்தைச் சுற்றிப் போட்டது. தினமும் கழற்றச் சோம்பல்பட்டு அவர் அப்படியே விட்டுவிட்டார். ஆரம்பத்தில் அதற்குள் என் கை நுழையும். பிறகு விரல். இப்போது நகம்கூட நுழையவில்லை. பட்டை இரண்டு பக்கமும் உதடு போலப் புடைத்து, பாதிச் சங்கிலியைக் கவ்வியிருந்தது.

“மரம் சங்கிலியத் துன்னுகினு கீதுங்க.”

“துன்னட்டும். உன் சோத்தத் துன்றதுக்கு அது தேவல” என்றார் அவர்.

அந்தக் கோடையில் வண்டிக்கு நேர் மேலே இருந்த கிளை மட்டும் துளிர்க்கவில்லை. மரம் பட்டுப்போய் எங்கள் தலையில் விழும் என்றே தோன்றிக்கொண்டிருந்தது. தெருவில் கிளை கழிக்க வந்தவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அரிவாளைத் திருப்பி அடிமரத்தில் தட்டினார். காலிக் குடம் போல ஒலித்தது.

“உள்ள பொந்துக்கா. அதுக்குப் பயப்படாதீங்க. நடுக்கட்ட செத்தாலும் மரம் நிக்கும். உயிரு பட்டைக்கு அடியிலதான் ஓடுது. நீங்க அங்கதான் கழுத்த நெறிச்சு வெச்சிருக்கீங்க.”

வெளியே தெரிந்த கண்ணிகளை மட்டும் இரும்பறுக்கும் ரம்பத்தால் அறுத்தெடுத்தார். மீதியை இழுத்தால் பட்டையோடு பிய்ந்து வருமாம்.

“பொழைக்குமா?”

“அடுத்த துளிர்ல தெரியும்.”

துளிர் வந்தது, அந்தக் கிளையிலும். பூவும் வந்தது. சங்கிலி இருந்த தடத்தைப் பட்டை முழுக்க மூடிவிட்டது. எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும்.

சாயங்காலம் மேலே இலைகள் ஒவ்வொன்றாக மூடிக்கொள்ளும் நேரத்தில், நின்று நின்று கடுத்த முதுகை மரத்தில் சாய்ப்பேன். கொஞ்ச நேரத்திலேயே விலகி, சேலை சுலபமாக வருகிறதா என்று இழுத்துப் பார்த்துக்கொள்கிறேன்.