கடலுக்குள் நடந்த ஷாட்

எலக்ட்ரானிக் இசை வீடியோக்களில் யாரும் சிரிப்பதில்லை. ஒரு பெண் வெறித்த முகத்தோடு தனியாக எங்காவது நடந்துகொண்டே இருப்பாள். செங்கல்பட்டிலிருந்து கல்லூரிக்கு ரயிலில் போய்வந்த மூன்று வருடமும் போனில் பார்த்துப் பார்த்து இந்த விதிகளைப் பிடித்துவைத்திருந்தேன். எங்கள் வீட்டில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். நானே இயக்கும் முதல் வீடியோவில் ஒரு விதியும் பிசகக் கூடாது என்றிருந்தேன்.

சூரியன் வருவதற்குள் மாமல்லபுரம் கரையில் ஒரே ஷாட் எடுக்க வேண்டும். நடிக்க வேண்டியவள் வரவில்லை. வானம் வெளுக்கத் தொடங்கியதும் பொறுக்க முடியாமல் கேமராவைத் தோழியிடம் கொடுத்துவிட்டு நானே கடலுக்குள் நடந்தேன்.

முழங்கால் நனைந்தபோது பின்னாலிருந்து ஒரு கை என்னைப் பிடித்து இழுத்தது. மீன் கூடையைக் கரையில் போட்டுவிட்டு ஓடிவந்த ஓர் அக்கா.

"இன்னா கண்ணு, வூட்ல எவன் இன்னா சொன்னான்?"

"ஷூட்டிங்க்கா, விடுங்க."

"மூஞ்ச இப்டி வெச்சிக்கினு இன்னா சூட்டிங்கு? வா, மொதல்ல ஒரு டீ குடி."

கரையேற்றிய பிறகுதான் விட்டார். அதற்குள் சூரியன் வந்துவிட்டது. தோழி கேமராவை நிறுத்தாமல் எல்லாவற்றையும் எடுத்திருந்தாள்.

வீடியோவை எடுக்கச் சொன்ன இசையமைப்பாளர், அந்தக் கை வரும் இடத்துக்கு முன்பே வெட்டச் சொன்னார். இரண்டு நாள் வெட்டுவதும் ஒட்டுவதுமாக இருந்தேன். வெட்டியதைப் பார்த்தால் யார் வேண்டுமானாலும் எடுத்திருக்கலாம் என்று தோன்றியது. கடைசியில் அந்தக் கை இருக்கும் வீடியோவையே அவருக்கு அனுப்பி, "வெட்டுவதானால் என் பெயரையும் எடுத்துவிடுங்கள்" என்று எழுதினேன்.

கை, பெயர் இரண்டையும் எடுத்துவிட்டார். வேலை கேட்டுப் போகும் இடங்களில் நான் அந்தக் கை உள்ள வீடியோவைத்தான் காட்டுகிறேன்.