பத்தடிப் பலகை

புதுப் பிளைவுட்டை அறுக்கும்போது எழும் காரமான வாசம் மூக்கில் ஏறினால் இன்றைக்கும் எனக்கு மேற்குத் தாம்பரத்துப் பலகைக் கடைதான் நினைவுக்கு வரும். எண்பதுகளின் கடைசியில் ஒரு விடுமுறை நாளில், அங்கேதான் என் அம்மா முதன்முறையாக அப்பாவின் பேச்சுக்கு மசியாமல் நின்றாள்.

தரையிலிருந்து கூரை வரை ஓர் அலமாரி வேண்டும் என்பது அவள் ஆசை. கடையில் இருந்ததெல்லாம் எட்டடிப் பலகை. எங்கள் கூரையோ பத்தடி. "மேல ரெண்டடி ஒட்டுப் போட்டுக்கலாம், அட்ஜஸ்ட் பண்ணிக்கோ" என்றார் அப்பா. எங்கள் வீட்டுச் சட்டமே அந்த "அட்ஜஸ்ட்"தான். "எங்கக்கா கட்டின புடவை, உங்கண்ணன் வீட்டுப் பழைய கட்டில், எல்லாத்துலயும் அட்ஜஸ்ட் பண்ணியாச்சு. இது ஒண்ணாவது ஒட்டில்லாம இருக்கட்டும்" என்று கடைக்காரர் முன்னாலேயே அம்மா சொல்லிவிட்டாள். அப்பாவின் முகம் சுருங்கிப்போயிற்று.

பத்தடிப் பலகையைச் சொல்லி வைத்துத்தான் வரவழைக்க வேண்டியிருந்தது. வந்ததும் அம்மா ஒவ்வொன்றையும் படுக்கப் போடச் சொல்லி, ஒரு முனையில் குனிந்து ஒற்றைக் கண்ணால் நீளவாட்டில் பார்த்து, வளைந்திருந்ததை ஒதுக்கி, மர ரேகை நெடுக ஓடியதை மட்டும் எடுத்தாள். மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் அவை முன்னும் பின்னும் நீட்டிக்கொண்டு வந்தபோது தெருவே வேடிக்கை பார்த்தது.

பம்மலிலிருந்து வந்த கார்பெண்டர் ஏழுமலை, அலமாரியைத் தரையில் படுக்க வைத்தே முழுசாகப் பூட்டிவிட்டார். நாலு பேர் சேர்ந்து நிமிர்த்தினால், பாதியிலேயே மேல்முனை கூரையில் இடித்து நின்றுவிட்டது. உயரம் சரிதான், சாய்த்துத் தூக்கும்போது மூலைக்கு மூலை நீளம் கூடும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. "இன்னாம்மா, பேஜாரா பூட்ச்சே! மேல கொஞ்சம் அறுத்துடட்டா?" என்றார் ஏழுமலை. அப்பா உடனே தலையாட்டினார். "அதுல மட்டும் கை வெக்காதீங்க. கழட்டுங்க, ஒவ்வொரு பலகையா நிக்க வெச்சுப் பூட்டுங்க" என்றாள் அம்மா. அப்படியே செய்தார்கள், அலமாரி நின்றது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

இப்போது அம்மா இல்லை. பலகைக் கடை இருந்த இடத்தில் செல்போன் விற்கிறார்கள். வீட்டையும் இடித்து அடுக்குமாடி கட்டியாயிற்று. எங்களுக்குக் கிடைத்த ஃபிளாட்டில் கூரை ஒன்பதரை அடிதான். அரையடி வெட்டினால் போதும் என்றான் கழற்றி வைத்திருந்த அலமாரியை அங்கே பூட்ட வந்தவன். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அப்பாதான் பலகைமேல் கையை ஊன்றிக்கொண்டு விடவில்லை. "அவ முழுசாக் கேட்டு வாங்கினது. நிக்கலைன்னா படுத்துக் கிடக்கட்டும்."

ஹாலில் சுவரோரமாக, பத்தடி நீளத்துக்கு ஒரே பெஞ்சாக அது கிடக்கிறது. நடக்க வழியில்லை, வருகிறவர்களெல்லாம் முழங்காலை இடித்துக்கொண்டு என்னைப் பார்க்கிறார்கள்.

"கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க" என்கிறார் அப்பா.