வாணி விழாவில் கிரேக்கத்து நெசவுக்காரி

வட்டக்கச்சி நெசவு நிலையத்தில் என்னைவிடக் கெட்டிக்காரி இல்லை என்று யாரும் சொன்னதில்லை. அதனால் நானே சொல்லிக்கொண்டு திரிந்தேன். சுதாஜினி, வயது இருபத்தாறு, உயர்தரப் பரீட்சையில் மூன்று பாடத்திலும் கோட்டை விட்டவள். வாய்க்கு மட்டும் பரீட்சை வைத்திருந்தால் மாவட்டத்தில் முதலிடம்.

என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்த தேனுகா சித்தியடைந்து, எனக்கே மேற்பார்வையாளராக வந்து சேர்ந்தாள். நான் நெய்து முடித்த சேலையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, முகத்தைச் சுளித்துக்கொண்டு உள்ளே கொண்டுபோவாள். எரிச்சலென்றால் அப்படியொரு எரிச்சல் எனக்கு. உடையார்கட்டில் திறக்கப்போகும் புது நிலையத்துக்குப் பயிற்றுநராக ஒருவரின் பெயரை அவள்தான் எழுதி அனுப்ப வேண்டும். அந்த வேலைக்கு நான் உயிரை விட்டுக்கொண்டிருந்தேன். அவளா என் பெயரை எழுதுவாள்?

அந்த நேரம் பார்த்து நூலகத்தில் ஒரு கிரேக்கக் கதை அகப்பட்டது. நெசவில் தெய்வத்தையே வெல்வேன் என்கிறாள் ஒருத்தி. வென்றும் விடுகிறாள். பொறாமை பிடித்த தெய்வம் துணியைக் கிழித்து, அவளைச் சிலந்தியாக்கிவிடுகிறது. அட, இது என் கதையல்லவா! இளையோருக்கான கவிதை என்று சொல்லி நாற்பது வரி எழுதினேன். தெய்வத்துக்குத் தேனுகாவின் மூக்குக்கண்ணாடியையும் மாட்டிவிட்டேன்.

அதை வாசிக்க நான் தேர்ந்தெடுத்த நாள் வாணி விழா. கலைமகள் படத்துக்கு முன்னால் அவல், கடலை, எங்கள் சேலைகள் எல்லாம் வைத்திருக்க, நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு தெய்வத்தை ஏசினேன். மூளை இருந்தால் செய்வேனா?

“கண்ணாடிக் கண்ணால் குறை தேடினாய்,
காணாத கோபத்தில் கிழித்தாய்!”

ஒருவரும் கை தட்டவில்லை. பக்கத்துத் தறிக்காரி பிரேமிளா எழும்பி, படத்தடியில் இருந்த என் சேலையை எடுத்துப் பின்பக்கம் திருப்பினாள்.

“எடி, தேனுகாவோ கிழிச்சவள்? இதைப் பார். இழை அறுந்தது தெரியாமல் நீ நெய்துகொண்டு போன இடமெல்லாம் ஊசியாலை கோத்து அடைச்சிருக்கிறாள். ஒவ்வொரு சீலையிலும் இதுதான் வேலை. உனக்குச் சொல்லக்கூடாதெண்டு எங்கட வாயையும் பொத்தி வைச்சிருந்தவள்.”

எண்ணினேன். பதினொரு இடம். கண் நிறைந்துவிட்டதால் பன்னிரண்டாவது தெரியவில்லை.

“ஏன் எனக்குச் சொல்லேல்லை?” என்று முன்வரிசையில் இருந்த தேனுகாவிடம் கேட்டேன்.

“சொன்னால் விட்டிட்டுப் போயிருப்பாய். உன்ர ரோசம் எனக்குத் தெரியாதே?” என்றாள் தேனுகா.

நான் சேலையை மடித்து வைத்தேன். “உடையார்கட்டுக்கு என்ர பேரை அனுப்பிப்போடாதை.”

“போன கிழமையே அனுப்பிட்டன். டிசைன் போட உன்னை விட்டால் ஆரிருக்கினம்? நாளைக்கு விஜயதசமி. வெள்ளன வா, ஊசி பிடிக்கப் பழக்கிறன்.”

நாலு வயதுப் பிள்ளைகள் அரிசியில் ‘அ’ எழுதிய அந்தக் காலையில், நான் ஊசியில் நூல் கோத்தேன். மூன்றாம் தடவைதான் நுழைந்தது.